அந்த வரியை அடிக்க மாட்டேன்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா பார்க்க வேண்டும் என்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து என் மகள் என்னோடு பேசுவதில்லை. எழுதியது நீங்கள், தண்டனை எனக்கு.

உங்கள் மேல் எனக்குள்ள கோபம் துளியும் குறையவில்லை. ஆனால் இந்தக் கடிதம் காப்பீட்டுக்காரர்களைப் பற்றியது.

தவறு என்னுடையதுதான். நீங்கள் தங்கியிருக்கும் குடிநோய் மருத்துவமனைச் செலவுக்காக நான் கொடுத்த விண்ணப்பத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. முப்பத்திரண்டு வருடம் கொதிகலன் பதிவேட்டில் மணிக்கொரு தரம் அழுத்தம் எழுதியவன் நான். காலிக் கட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. ‘என் மாப்பிள்ளை பத்தொன்பது நாளாக மதுவைத் தொடவில்லை’ என்று எழுதினேன். கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன். அந்த வரியைக் காட்டித்தான் மறுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தபடி சிகிச்சைக்குப் போய், இரண்டு முறை மறுபடியும் குடித்தவருக்குத்தான் தங்கிப் பார்க்கும் சிகிச்சைக்கு அனுமதியாம். அது விதியாம்.

நேரில் போனேன். அதிகாரி, நல்லா இருக்காருன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு எங்களக் கேட்டா எப்படிங்க என்றார். அந்த வரியை அடித்துவிட்டு வேறு விண்ணப்பம் தரச் சொன்னார். வெளியே வந்தால் ஒரு ஏஜெண்ட் என்னை ஓரம் கட்டி, பெரியவரே, ஒரே ஒரு வாட்டி குடிச்சுட்டு வரச் சொல்லுங்க, மிச்சத்த நான் எழுதிக்கறேன், எல்லாம் பாஸாயிடும் என்றார். உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

இதைப் போய் வீட்டில் என் மகளிடம் சொன்னேன். அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நீங்களும், குடும்பத்துக்காக ஒரு நாள் வெளியே வந்து குடித்துவிட்டுத் திரும்புகிறேன் என்று எழுதுகிறீர்கள். அந்த ஒரு நாள் எத்தனை நாள் நீளும் என்பது உங்களைவிட என் மகளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு முறை வெடிக்கட்டும், பிறகு பாதுகாப்பு வால்வு மாட்டலாம் என்று எங்கள் ஆலையில் எவனாவது சொல்லியிருந்தால், அவனைக் கொதிகலன் பக்கமே விட்டிருக்க மாட்டேன்.

அவர்களுடைய விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி முழுதும் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் வீட்டில் அகராதி இருக்கிறது. மாரடைப்புக்கு இந்த விதி இல்லை. சர்க்கரைக்கு இல்லை. குடிநோய்க்கு மட்டும் உண்டு. ஏன் என்று எழுத்தில் கேட்டேன். மேலிடத்தைக் கேக்கணும் என்றார் அதிகாரி. கேளுங்க, அதுவரைக்கும் இந்த பெஞ்சு நல்லாத்தான் இருக்கு என்றேன். மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் காவலாளியே எனக்கு டீ வாங்கி வந்தார். அன்று மாலை மேல்முறையீட்டுக்குத் தேதி கொடுத்தார்கள். வரும் வியாழக்கிழமை.

மேல்முறையீட்டு மனுவில் உங்கள் பட்டறை ஆட்கள் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் வீட்டிலும் இதே நோய் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. உங்கள் ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டுவிட்டு, எங்க அண்ணனுக்கு இது முன்னாடியே கெடச்சிருக்கணும் என்று சொல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். முடிவு வரும்வரை உங்கள் படுக்கையை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று டாக்டர் அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே நீங்கள் இடத்தை விட்டு அசைய வேண்டாம்.

அந்த வரியை நான் அடிக்கப் போவதில்லை. குணமாகிக்கொண்டிருப்பவரைக் குணமாகவில்லை என்று எழுதித்தான் சிகிச்சை வாங்க வேண்டுமென்றால், மாற வேண்டியது விதிதான். வியாழக்கிழமை மறுத்தால் அடுத்த படிக்குப் போவேன். எனக்கு வேறு வேலையும் இல்லை.

அன்றைக்கு அவர்கள் முதலில் கேட்கப்போவது, அவர் இப்ப எப்படி இருக்கார் என்பதுதான். நான் பொய் சொல்ல மாட்டேன், அது உங்களுக்குத் தெரியும். அந்தப் பதிலை என் கையில் கொடுக்க உங்களால் மட்டும்தான் முடியும். நல்ல பதிலாகக் கொடுங்கள் மாப்பிள்ளை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா