விட்டுப்போன ஒரு மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம். சலவைக்கூடத்தில் நின்று நின்று முழங்கால்தான் மக்கர் செய்கிறது. எடை குறைந்தால்தான் அது சரியாகும் என்கிறார் டாக்டர். எடை குறைக்கும் ஆபரேஷனுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்க, ஆறு மாதம் விடாமல் மாதாமாதம் டாக்டரிடம் எடை பார்த்திருக்க வேண்டுமாம். எடை குறிக்கும் என் அட்டையில் ஒரு மாதம் காலி.

“அந்த மாசம் எங்க போனீங்க?” என்றார் காப்பீட்டு அலுவலகப் பெண்.

“அம்மா தவறிட்டாங்க. ஊருக்குப் போனேன்.”

“அப்போ மறுபடி முதல்லேருந்துதான். வேணும்னா இறப்புச் சான்றிதழ் வச்சு மனு கொடுத்துப் பாருங்க.”

பயப்படாதீர்கள், பெரிதாக ஒன்றுமில்லை. சான்றிதழின் நகலை மட்டும் அனுப்புங்கள். இங்கே எல்லோரும் எவ்வளவு சாப்பிட்டாய் என்றுதான் கேட்கிறார்கள். சாப்பிட்டாயா என்று கேட்க இப்போது அம்மாவும் இல்லை. ஃபோன் செய்யும்போது நீங்களாவது கேளுங்கள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்