சுஜிதா கேட்ட டிஜே செட்டு

தேவாரம்,
மார்கழி 5

அன்பு மகள் சுஜிதாவுக்கு அப்பா எழுதுவது. குலசாமி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் அண்ணனும் சுகமாக இருக்கிறோம், புனேயில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று சிரிப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ மூன்று பதில் சொல்வாய், சொல்ல வந்தது எனக்கு மறந்துவிடும். இதில் நீ குறுக்கே பேச முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். உன் அம்மா இன்னும் ஜீப்பில் மேலே ஏலக்காய் எடுக்கப் போய் வருகிறாள், முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கல்யாணத்துக்கு யார் யாருக்குச் சேலை என்று கணக்குப் போடுகிறாள். உன் அண்ணன் முத்துக்கண்ணன் மாப்பிள்ளை முறுக்கில் தோட்டத்துச் சோலியை மறந்துவிட்டுப் போனும் கையுமாகத் திரிகிறான். பனி கூடுதல், பத்து மணிக்குத்தான் மலை கண்ணுக்குத் தெரிகிறது.

நீ கேட்டபடி டிஜே செட்டு பற்றி விசாரிக்கப் போடிக்குப் போய் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ஜக்கையனைப் பார்த்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்பார், நன்றாகக் கொடுக்க வேண்டும் என்று பதிலெல்லாம் தயாராக வைத்துக்கொண்டு போனேன். அவர் கேட்கவே இல்லை, டீ வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் விளக்கினார். புதிதாகப் பழகுகிறவள் நாலு சேனல் மிஷினுக்கு ஆசைப்படக் கூடாதாம், ரெண்டு சேனல் சின்னக் கண்ட்ரோலர் போதுமாம். ஆனால் சவுண்ட் கார்டு அதற்குள்ளேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டுமாம், அப்போதுதான் வெளியே ஒரு பாட்டு ஓடும்போது அடுத்த பாட்டை நீ மட்டும் ஹெட்போனில் கேட்டுச் சரிபார்க்க முடியுமாம். லேப்டாப்புக்கு உன்னிடம் இருப்பதே போதும். பழைய செட்டு வாங்கினால் வெட்கப்படாமல் அங்கேயே மாட்டி ஒவ்வொரு திருகையும் திருப்பிப் பார், மேலும் கீழும் தள்ளுகிற கட்டையைத் தள்ளிப் பார், கரகரவென்றால் வைத்துவிட்டு வா. வயர் சொருகும் இடம் ஆடினாலும் வேண்டாம். கையில் இருக்கிற காசுக்கு நல்ல ஹெட்போன் வாங்கச் சொல்லு, ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கவே வேணாம், வேணும்கிற அன்னைக்கு வாடகைக்கு எடுத்துக்கிடலாம் என்றார். நானும் அதையேதான் சொல்கிறேன். அவர் சொன்னதற்குக் காரணம் காசு. என் காரணம் வேறு, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கல்யாணத்தன்று சாயங்காலம் மலையடிவாரத்தில் ஓடையோரம் நம் குலசாமி கோவில் திடலில் உன் முதல் நிகழ்ச்சியை நடத்தப் போகிறாய், அதுவும் போன புரட்டாசியில் தோட்டத்துக்கு அனுப்பினாயே அந்தச் சத்தத்தைத்தான் முதலில் விடப் போகிறாய் என்று உன் அண்ணன் நேற்று பெருமையாகச் சொன்னான். அவனுக்கு அந்தச் சத்தம் எது என்று தெரியும், சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மலையிலிருந்து இறங்கி வருமே அந்த ஒத்தை யானை, அது நம் மக்காச்சோளத்தை ரெண்டு தடவை மேய்ந்த பிறகு, புலி உறுமல், தேனீ இரைச்சல், வேட்டு எல்லாவற்றையும் சேர்த்து நீ அனுப்பினாய். அனுப்பும்போதே ஒரே இடத்தில் வைக்காதீங்க, ஒரே நேரத்தில் போடாதீங்க, சத்தத்தை மட்டும் விட்டுட்டு ஆள் வீட்டுக்குப் போயிடாதீங்க என்று படித்துப் படித்துச் சொன்னாய். நானும் தலையாட்டினேன். செய்தது என்னவென்றால், ஜக்கையனிடம் பெரிய பாக்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து மோட்டார் ரூம் மேல் கட்டி, உன் சத்தம் சுற்றிச் சுற்றி ஓடும்படி பென் டிரைவைச் சொருகி, பொழுது சாய்ந்ததும் சுவிட்சைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். ராக்காவலில் தகரம் தட்டியே வருஷக்கணக்காகத் தூக்கம் கெட்ட உடம்பு, பத்து நாள் நிம்மதியாகத் தூங்கியது. யானை வரவில்லை. மகள் படிப்பு எப்படி உதவுது பாத்தியா என்று கேட்டவன் கேட்காதவன் எல்லோருக்கும் அதைப் போனில் அனுப்பினேன். அடிவாரம் முழுக்க அதே சத்தம். அது கேட்கிற தோட்டத்தில் கதிர் முற்றியிருக்கும், காவலுக்கு ஆள் இருக்காது என்று யானை கண்டுகொண்டது. நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகிவிட்டது.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து படி ஆத்தா. என்னோடு காவல் இருந்த அமாவாசைச் சித்தப்பா நெஞ்சுவலியில் போனார் என்று உன்னிடம் சொன்னது பொய். அப்படிச் சொல்லச் சொன்னவன் நான். தினமும் விடியக்காலையில் அவர்தான் நமக்காகப் போய் சுவிட்சை அணைத்து பாக்ஸை இறக்கிக்கொண்டு வருவார், வாடகைச் சாமான் பனியில் நனையக் கூடாது என்று. ஐப்பசியில் ஒரு நாள் யானை போகாமல் சோளத்துக்குள்ளேயே நின்றிருக்கிறது. சோளத்தட்டை ஒடிகிற ஓசையை வைத்தே அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று சொல்கிற மனுஷன் அவர். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, யானை அடித்துவிட்டது. நாங்கள் ஓடிப் போனபோது பாக்ஸ் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அணைக்க எனக்குக் கை வரவில்லை. அவர் சம்சாரம் ஒச்சம்மாள்தான் ஏறி அணைத்தாள்.

இதில் உன் குற்றம் எள்ளளவும் இல்லை. நீ சொன்னதைக் கேட்காதவன் நான், அதை ஒச்சம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. உன்னிடம் சொல்லத்தான் ரெண்டு மாதமாகத் தைரியம் வரவில்லை. உண்மை தெரியாமல் நீ வந்து கல்யாணத் திடலில் அவள் முன்னால் அதைப் போட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்.

நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தை நிறுத்தியாயிற்று. யானை வருவதை நிறுத்தவில்லை. கார்த்திகைக் கடைசியில் பக்கத்துத் தோட்டத்துப் பால்பாண்டி வீட்டுக் காதுகுத்து, தோட்டத்திலேயே பந்தல், பகல் பதினோரு மணி. ஜக்கையன் பாக்ஸைக் கட்டி ஒரு சாமி பாட்டுதான் போட்டார். பாட்டு முடியவில்லை, யானை ஓடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. ஓடவும் இல்லை, பிளிறவும் இல்லை. காதை ஆட்டாமல் நின்று கேட்டது. அவர் வயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மலைக்குத் திரும்பியது. இப்போது அதற்குப் புலியும் ஒன்றுதான் சாமி பாட்டும் ஒன்றுதான், பாக்ஸ் கத்தினால் சாப்பாடு. இந்த மார்கழிக்கு நம் கோவிலில் குழாய் ஸ்பீக்கர்கூடக் கட்டவில்லை. விடியக்காலையில் ஊர் அமைதியாகக் கிடப்பது எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

தாலி கட்டுவதையே போடி மண்டபத்துக்கு மாற்றலாம் என்றேன், குலசாமி முன்னால் கட்டாத தாலி நம் வம்சத்தில் கிடையாது என்று உன் அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள். அதனால் தை பதினைந்து காலை ஏழரைக்கு மேல் கோவிலில் தாலி, மைக் செட் கிடையாது, மேளமும் கிடையாது. மேளச் சத்தத்துக்கு அது வராது என்று யாரும் எனக்கு எழுதித் தர மாட்டார்கள். ராசிங்காபுரத்துச் சம்பந்தி, பெண்ணைப் பெற்றவர், மேளம் இல்லாமத் தாலி கட்ட இது என்ன கல்யாணமா கருமாதியா என்று குதித்தார். மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய் அமாவாசை கிடந்த இடத்தைக் காட்டினேன். திரும்பி வரும் வழியில் அவர், ஒன்பது மணிக்குள்ள எல்லாரும் கீழே இறங்கிடணும் என்று மட்டும் சொன்னார். சாயங்கால வரவேற்பு போடி மண்டபத்தில். அங்கே நீ ஆசை தீர உன் செட்டைப் போடு, பாக்ஸ் ஜக்கையன் தருவார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் பாட்டைப் போட்டுவிட்டு அந்த இடத்தை விட்டு நகராதே ஆத்தா, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இரு.

அந்தச் சத்தத்தை லேப்டாப்பில் இருந்தும் போனில் இருந்தும் இன்றைக்கே அழித்துவிடு. ஊருக்கு வந்ததும் முதலில் ஒச்சம்மாள் வீட்டுக்குப் போ, அப்புறம் நம் வீட்டுக்கு வா. மூன்றாவது முடிச்சு நாத்தனார் முடிச்சு, நீதான் போட வேண்டும். கெட்டிமேளம் இருக்காது, குலவை போடவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நிதானமாக இறுக்கிப் போடு, மலைப்பக்கம் திரும்பிப் பார்க்காதே. எல்லோரும் மணமக்களைப் பார்க்கும்போது நான் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடையைப் பார்த்துக் காவல் நிற்பேன், மகன் தாலி கட்டுவதை நான் பார்க்கப் போவதில்லை. நீ பார்த்துவிட்டு எனக்குச் சொல்லு. சாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
ப. தங்கபாண்டி