கஞ்சி போடாத விரிப்பு

முடிச்சூர்
3.12.2006

அன்பு மகன் அசாருக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கை தபஸ்ஸும் அல்லாஹ் கிருபையில் நலம், துபாயில் உன் உடம்பு எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. மழையில் தெருவெல்லாம் சேறு, தபஸ்ஸும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் காலேஜ் பஸ்ஸுக்குப் போகிறாள். பெருநாளன்று போனில், மகன் வெளிநாட்டில் சம்பாதிக்க அம்மா ஆஸ்பத்திரித் துணி துவைப்பது நன்றாகவா இருக்கிறது, விட்டுடுங்கம்மா என்றாய். சரி என்றேன், ஆனால் விடவில்லை. போனில் இதையெல்லாம் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சலவைப் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அழுக்கு மூட்டை வரும், வெளுத்த மூட்டை போகும், யாருக்குப் போகிறது என்று நாங்கள் கண்டதில்லை. மெஷின் ஓட்டும் துளசிங்கம் அண்ணன் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டார். சம்பளத்தைப் பிடித்தார்கள், நல்ல ஊழியர் என்று மாதாமாதம் ஒருவர் போட்டோவை மாட்டினார்கள், அவர் அசையவில்லை. பெருநாளுக்குச் சற்று முன்னால் தீக்காய வார்டு ஜான்சி சிஸ்டர் இறங்கி வந்து, எங்கள் விரிப்புக்குக் கஞ்சி வேண்டாம், சோப்பு தங்கினால் புண் எரிகிறது, இன்னொரு தடவை அலசுங்கள் என்று கேட்டார். நமக்கு இன்னாத்துக்கு, ஏற்கெனவே பேஜாரா கீது என்றார் துளசிங்கம் அண்ணன். நான்தான் பிடிவாதமாக அலச வைத்தேன்.

உன் பேச்சைக் கேட்டு, வேலையை விடுவதாகச் சொல்ல மேட்ரன் அம்மாவிடம் போனேன். மூட்டை தூக்கும் ஆள் வரவில்லை, இந்த மூட்டையைத் தீக்காய வார்டில் கொடுத்துவிட்டு வா ஷம்சாத், பிறகு பேசலாம் என்றார். அங்கே ஸ்டவ் வெடித்து முதுகெல்லாம் வெந்துபோன கனகவல்லி, உன் வயதுதான், ஒருக்களித்துப் படுத்திருந்தாள். விரிப்பு துவைக்கிறவங்க இவங்கதான் என்று சிஸ்டர் காட்டியதும், அக்கா, இப்பல்லாம் துணி உரசறதில்ல, கொஞ்சம் கண்ணசர முடியுது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்து மேட்ரனிடம் நான் கேட்டது ஒன்றுதான், எங்கள் ஆட்களை ஒவ்வொருவராக மேலே அனுப்புங்கள் என்று. ஒப்புக்கொண்டார். துளசிங்கம் அண்ணனும் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட லீவு போடவில்லை. யாராவது மெஷினிலிருந்து துணியை அவசரமாக எடுத்தால், மேல புள்ள படுத்துகினு கீது, இன்னொரு தபா அலசுய்யா என்று சத்தம் போடுகிறார். போன வெள்ளிக்கிழமை கனகவல்லி வீட்டுக்குப் போகுமுன், தன் அம்மா தோளைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி எங்களைப் பார்க்க வந்தாள். நோயாளி ஒருவர் கீழே வந்தது அதுதான் முதல் தடவை. மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் எழுந்து நின்றோம்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் மன நிம்மதியும் தரட்டும். வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. உன் ரூமில் யாராவது அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறார் என்று கூசாமல் சொல்.

உன் அம்மா
ஷம்சாத்