வாங்க, உட்காருங்க

அன்புள்ள அம்மாவுக்கு,

கை வீக்கம் வடிந்ததா? இதைத் தங்கச்சியிடம் படிக்கக் கொடுக்காதே. நீயே மெள்ளப் படி.

எங்கள் ஸ்டேஷனில் இப்போது புது உத்தரவு. புகாரோடு யார் வந்தாலும் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் பேச வேண்டும். வாசலில் "வாங்க, உட்காருங்க" என்று போர்டு எழுதியதே நான்தான்.

நேற்று செருப்பைக் கையில் பிடித்தபடி ஒருத்தி உள்ளே வந்தாள். வெளுத்த காலைப் பார்த்ததுமே உப்பளத்து ஆள் என்று தெரிந்தது. தலை நிமிராமலே, "இன்னாம்மா? அங்கயே நில்லு" என்றேன்.

நிமிர்ந்தால், நீ.

நான் எழுந்திருப்பதற்குள், "ஒண்ணுமில்லீங்க மேடம், தெரியாம வந்துட்டேன்" என்று சொல்லி, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிவிட்டாய். மேஸ்திரி உன்னை அடித்ததைச் சாயங்காலம் தங்கச்சி போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"யாரும்மா அது?" என்று ஏட்டு கேட்டார்.

"தெரியலீங்க சார்" என்றேன்.

நாற்காலி காலியாகத்தான் இருந்தது, அம்மா. வாசல்வரை உன் காலடி ஈரம் காய்ந்து உப்பாகப் பூத்திருந்தது. இன்ஸ்பெக்டர் வருவதற்குள் அதை நானே துடைத்தேன்.

புகார் கொடுக்க மறுபடி வா என்று எழுதக் கை வரவில்லை.

இப்படிக்கு,
நீ மேடம் என்று கூப்பிட்ட
உன் மகள்