மூன்றாவது போன்

நவ. 4, திங்கள்

தூறல். வாடைக்காற்று. மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னேன். மனைவி சரளா போட்டாள். சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் நெட் வரவில்லை. ஜன்னலோரத்தில்தான் போனுக்குக் கொஞ்சம் டவர் எடுக்கும்.

வேலைக்கான தேர்வு வெள்ளி, காலை பத்து. காது கேளாத பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. டீச்சர் பேசப் பேச நான் தட்டச்சு செய்ய வேண்டும், பிள்ளைகள் திரையில் படிப்பார்கள். மூன்று தடவை இணைப்பு அறுந்தால் வெளியே. ஈ.சி.ஆரில் வண்டியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதிலிருந்து, வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி வந்த ஒரே வேலை.

நவ. 5, செவ்வாய்

என் போன் கேபிளில். சரளா போன் வைஃபையில். இரண்டு நெட்டையும் லேப்டாப்பில் சேர்க்கும் ஒரு மென்பொருள். ஒரு படம் இறக்கிப் பார்த்தேன். ஓட்டமாக வந்தது. சரளா கைதட்டினாள். வீடியோவில் பேசிப் பார்த்தால் பழையபடி முகம் உறைந்து நிற்கிறது. பெரிய ஃபைலைத் துண்டு துண்டாக இரண்டு பாதையிலும் இழுக்கிறது. பேச்சு மட்டும் ஒரே பாதையில் போகிறதாம். இது புரியவே மதியம் ஆகிவிட்டது.

வேண்டியவை: நீளக் கேபிள். முதுகுப் புண்ணுக்கு மருந்து. அரிசி.

நவ. 6, புதன்

அதே மென்பொருளில் இன்னொரு முறை இருக்கிறது. பேச்சை எல்லாப் பாதையிலும் அனுப்பி, எங்கேயோ ஒரு சர்வரில் ஒன்று சேர்க்கும். இரண்டு போனுக்குத் திக்குகிறது. மூன்று வேண்டும்.

தங்கை கௌரியின் புருஷன் ஏழுமலை மீன் கொண்டுவந்தான். அவன் சிம் வேறு கம்பெனி. மாட்டினோம். ஒரு மணி நேரம் ஓடியது. நடுவில் யாரோ அவனைக் கூப்பிட்டபோது மட்டும் நின்றது. அழைப்பு வந்தால் அந்தப் போனில் நெட் போய்விடுகிறது. வெட்டியதும் சரியானது.

“இன்னா மச்சான், கண்ணாடி மாரி கீது!”

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தருவாயா என்று கேட்டேன். யோசித்தான். கரையோரக் கடலில் டவர் உண்டு. காற்றோ நீரோட்டமோ மாறினால் கரையிலிருந்து அவன் கூட்டாளி பாபு கூப்பிட்டுச் சொல்வான். போட்டில் கூடப் போகிற சேகரின் போன் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. இருப்பது இவன் போன் ஒன்றுதான்.

“கிட்டக்கதான் போறோம். பதினொன்னுக்குள்ள வந்துருவோம். நீ வச்சுக்க.”

நவ. 7, வியாழன்

வெயில். பயிற்சி. விரல் நன்றாக ஓடுகிறது. சரளா சாமிக்கு விளக்கேற்றினாள்.

நவ. 8, வெள்ளி, மாலை

விடிகாலையில் ஏழுமலை போனை வைத்துவிட்டுப் போனான். பத்துக்கு எல்லாம் சரி. டீச்சர் செடியின் வேரைப் பற்றிப் பேசினார். ஒரு சொல்கூட விடவில்லை.

பத்து இருபது. ஏழுமலையின் போன் அடித்தது. திரையில் ‘பாபு’. வெட்டினேன். டீச்சர் உறைந்தார், வந்தார். ஒன்று.

மறுபடி பாபு. வெட்டினேன். இரண்டு.

“யாரு? எடுத்துத்தான் பேசேன்” என்றாள் சரளா. முடியட்டும் என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பத்து நாற்பதுக்கு மூன்றாவது. வெட்டினேன். தேர்வுப் பக்கம் தானாக மூடிக்கொண்டது.

நாலாவது தடவை எடுத்தேன். இனி எடுத்தால் என்ன.

“டேய் ஏழுமல, கடலு ஏறுதுடா, எல்லாப் போட்டும் வந்துருச்சி, திரும்பு!”

நான் அவன் மச்சான், போன் இங்கே இருக்கிறது என்றேன்.

“அப்ப வெட்டுனது நீயா? வலை இழுக்கறான், வந்துருவான்னு நென்ச்சுகினு கீறேன்யா!”

பாபு ஒரு போட்டை எடுத்துக்கொண்டு தேடிப் போயிருக்கிறான். அதற்குள் ஏழுமலையின் போட்டு பாறைப் பக்கம் கவிழ்ந்துவிட்டது. ஏழுமலை நீந்திப் பிழைத்தான். போட்டுக்கும் பாறைக்கும் நடுவில் சேகரின் வலது கை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எஞ்சின் கடலில்.

நவ. 9, சனி

சேகருக்கு மூன்று விரல் எடுத்துவிட்டார்கள்.

ஏழுமலை வந்தான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. உட்காரவில்லை.

“பாபு மொதல்ல எத்தினி மணிக்குக் கூப்டான் மச்சான்?”

பத்து இருபது.

“நீ எடுத்தது?”

பத்து நாற்பது.

தலையை ஆட்டினான். “பத்து இருபதுக்கு சேகரு பாட்டு பாடிகினு இருந்தான்.”

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் போனைக் கேபிளிலிருந்து உருவிக்கொண்டிருந்தான்.

“சாப்ட்டுப் போண்ணே” என்றாள் சரளா.

“வேணாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

நவ. 11, திங்கள்

மழை. சேகர் வீட்டுக்குச் சரளா போய்வந்தாள். அவன் மனைவி இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மதியம் கம்பெனியிலிருந்து மெயில். தட்டச்சு திருப்தியாம். இணைப்பைச் சரிசெய்துகொண்டு புதன்கிழமை மறுபடி தேர்வு எழுதலாமாம்.

இரண்டு போனை மாட்டிப் பார்த்தேன். திக்குகிறது. ஜன்னலில் வைத்தேன், வாசலில் வைத்தேன். திக்குகிறது. லேப்டாப்பை மூடினேன்.

மெயிலைச் சரளா படித்துவிட்டாள். பிறகு சொன்னாள்:

“ஏழுமல அண்ணன்தான் இப்ப கடலுக்குப் போவலியே. போன் சும்மாதான கீது. கேட்டுப் பாக்கட்டா?”

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு வாசல் இறங்கிவிட்டாள். நான் கூப்பிடவில்லை.