முன்னுரை தர மறுத்து அப்பா எழுதியது

அன்புள்ள மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ நலமாக இருப்பதை உன் நூலின் பின்னட்டைப் படமே தெரிவிக்கிறது. கன்னத்தில் கைவைத்துச் சன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாய், சற்றே சதை போட்டிருக்கிறாய், அம்மாவுக்கு அதில் பரம திருப்தி. அவளுடைய மூட்டுவலி தேவலை. சமையலறைக் குழாயை ஒருவழியாக மாற்றிவிட்டோம், சொட்டுச் சத்தம் நின்ற பிறகு வீடே காலியானதுபோல் இருக்கிறது. நீ அனுப்பிய புத்தகப் பெட்டியும் வந்து சேர்ந்து இஸ்திரி மேசைக்கு அடியில் குடியேறிவிட்டது. ‘ஒப்பனையற்ற நம்பிக்கை’ என்ற தலைப்பு கம்பீரமாகத்தான் இருக்கிறது. பதிப்புரையில் பதிப்பாளர் நூலாசிரியரின் துணிச்சலை மனம் திறந்து பாராட்டியிருக்கிறார். பதிப்பகத்தின் முகவரியும் உன் வீட்டு முகவரியும் ஒன்றாக இருப்பதால், நீங்கள் இருவரும் ஒரே குளியலறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். உன் அக்கா ஒரே மூச்சில் படித்துவிட்டு, தம்பி தன்னைத்தானே தேடிக் கண்டுபிடிச்சிட்டானாம்ப்பா, இங்க இருந்தப்போ அவன் செருப்பையே நான்தான் தேடிக் கொடுக்கணும் என்றாள். அவளை நீ மன்னிக்க வேண்டும், அவளுக்கு ஆன்மிகம் போதாது.

அடுத்த நூலின் பெயர் ‘என் தந்தை மண்டியிட்ட நாள்’ என்றும், அதற்கு நானே முன்னுரை எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். நான் மருந்து ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை நடத்துகிறவன், குப்பியின் மேல் எழுதியிருப்பது குப்பிக்குள் இருக்கிறதா என்று சோதித்த பிறகே கையெழுத்திடுவது என் பிழைப்பு. ‘இதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறாய். ஆகவே, அடுத்த நூலுக்கு வித்தாக அமைந்த ஐந்தாம் அத்தியாயத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கையில், வாழ்நாள் முழுவதும் கடவுளை மறுத்த உன் தந்தை மருத்துவமனை நடைக்கூடத்தில் மண்டியிட்டுக் கண்ணீர் மல்க முணுமுணுத்ததை லிஃப்ட் வாசலிலிருந்து நீ கண்டாய், அந்தப் புனிதக் கணத்தைக் குலைக்க மனமின்றித் திரும்பிச் சென்றாய், அன்றே நம்பிக்கை உனக்குள் பிறந்தது. வாசிப்பவர்கள் உருகுகிறார்கள். நானும் அந்தக் கூடத்தில் இருந்தவன் என்ற ஒரே காரணத்தால் எனக்கு உருக வாய்க்கவில்லை.

நடந்தது இது. அம்மாவை உள்ளே அழைத்துச் செல்லுமுன் அவளுடைய தோடுகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். ஒரு திருகாணி நழுவி வரிசையாகக் கிடந்த பெஞ்சுகளுக்கு அடியில் உருண்டுவிட்டது. கண்விழித்ததும் அவள் முதலில் காதைத்தான் தொட்டுப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். எனவே முட்டி போட்டுத் தேடினேன். அப்போதுதான் பினாயில் ஊற்றித் துடைத்திருந்தார்கள், அந்த நெடியில் யார் கண்ணும் கலங்கும். உதடுகள் அசைந்ததும் உண்மைதான், அந்தப் பெஞ்சைத் தரையோடு தரையாக வடிவமைத்த மடையனை வைதுகொண்டிருந்தேன். புனிதக் கணத்தை நீ கொஞ்சம் குலைத்திருந்தால் இருவராகத் தேடியிருக்கலாம். அன்றைக்கோ, அதன்பின் இத்தனை ஆண்டுகளிலோ, என்னப்பா கீழ குனிஞ்சு பண்ணிக்கிட்டிருந்தீங்க என்று ஒரு வார்த்தை கேட்க உனக்குத் தோன்றவில்லை. உள்ளத்தின் குரலைக் கேட்பது எப்படி என்று ஓர் அத்தியாயம் முழுக்க எழுதத் தோன்றியிருக்கிறது.

இதனால் எனக்கு நேர்ந்த கேலியை நான் பொருட்படுத்தவில்லை. அம்மா ஊரெல்லாம் பிரதி கொடுத்துவிட்டாள். கணக்குப் பிரிவு நண்பர் கேன்டீனில், எங்களையெல்லாம் இத்தனை வருஷம் ஓட்டிட்டு நீங்க தனியா முட்டி போட்டீங்களாமே சார், எங்களையும் கூப்பிட்டிருக்கலாமே என்றார். அதையெல்லாம் சிரித்துச் சமாளித்தேன். சமாளிக்க முடியாதது வீட்டில் இருக்கிறது. திருமணமான நாளிலிருந்து அம்மா தனியாகத்தான் பிரார்த்தனைக்குப் போகிறாள், நான் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் காரில் செய்தித்தாள் படிப்பவன். அவளும் என்னை உள்ளே அழைத்ததில்லை, நானும் அவளைத் தடுத்ததில்லை, எங்களுக்குள் அதில் ஒரு பொய்யும் இருந்ததில்லை. உன் ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்த அன்று அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, நிஜமான்னு நான் கேக்க மாட்டேங்க, கேட்டா நீங்க கூச்சப்படுவீங்க, எனக்கு இது போதும் என்றாள். திருகாணி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தபின் அந்தச் சொல் வெளியே வரவில்லை. சென்ற வாரம் வாசலில் இறங்கியவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு உள்ளே போய் அவள் அருகில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒப்பனையற்ற வாழ்வைப் பற்றி நீ எழுதிய நூலின் பயனாக இந்த வீட்டில் ஒருவர் வேடம் கட்டத் தொடங்கியிருக்கிறார். வாசகர் கடிதங்களோடு இதையும் சேர்த்துக்கொள்.

ஆகவே முன்னுரை கிடையாது. அந்த அடுத்த நூலும் கிடையாது. மண்டியிட்ட தந்தையைப் பற்றி மேற்கொண்டு ஒரு வரி அச்சானாலும் மறுப்பை நானே எழுதுவேன். அம்மா அதைப் படித்து முகம் வாடினால் அதற்கு நீயே பொறுப்பு. யாராவது கேட்டால் மட்டும் அவ்வப்போது ஒரு பிரதி அச்சிட்டு விற்பதாகச் சொன்னாயே, அப்படியானால் இனி விற்கப்போகும் பிரதிகளிலிருந்து ஐந்தாம் அத்தியாயத்தை நீக்குவது உனக்கு அரைமணி நேர வேலை, இந்த வாரமே செய். ஆனால் அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. புதிய பிரதி எதையும் அவளுக்கு அனுப்பாதே. அவள் தலையணைக்கருகில் இருக்கும் பிரதி அப்படியே இருக்கட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நீண்ட ஆயுளோடு இரு. அப்பாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, அதற்கு எந்த அத்தியாயமும் தேவையில்லை. கடைவாய்ப் பல்லைக் காட்டிவிட்டாயா? தள்ளிப்போடாதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, எந்த நூலிலும் சேர்க்காதே.

இப்படிக்கு,
மண்டியிடாத உன் அப்பா

பி.கு.: திருகாணி கிடைத்துவிட்டது. கடைசிப் பெஞ்சின் காலடியில் கிடந்தது. அம்மா கண்விழிப்பதற்குள் தோட்டைக் காதில் மாட்டிவிட்டேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தூங்கிப் போனாள்.