மூன்றாவது கேட்டுக்குக் கீழே

போதும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனிமேல் முடியாது. உயிரோடு இருந்தபோது உன்னோடு போட்டிருக்க வேண்டிய சண்டையை நீ போன பிறகு போட வேண்டியிருக்கிறதே என்றுதான் எரிச்சலாக வருகிறது.

உன் சைக்கிள் இப்போது நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் என் கராஜில் இருக்கிறது. சக்கரங்களைக் கழற்றியாகிவிட்டது. பாதி அட்டைப்பெட்டிக்குள், பாதி வெளியே. பெடலைக் கழற்றக் குனிந்தபோது அடிச்சட்டத்து இடுக்கில் காய்ந்துபோன வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணைப் பார்த்தேன். இங்கிலாந்தின் வில்ட்ஷயர் குன்றுகளின் மண். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் பொடிப்பொடியாகக் கொட்டியது. வண்டியைக் கழுவு, கழுவு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "மழையில ஓட்டுனா தானா போயிடும்டா" என்பாய். போகவில்லை, பார்.

உன் மகள் யாழினி வியாழக்கிழமை இங்கிலாந்துக்குக் கிளம்புகிறாள். தனியாக. அந்தக் குன்றுகளில் நீ பதிவு செய்து இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் பாதையை, உன் சைக்கிளிலேயே, நீ ஓட்டிய மாதிரியே எங்கும் இறங்காமல் ஓட்டப் போகிறாளாம். ஜனவரியில் உன் இதயம் நின்றதிலிருந்து அந்தப் பெண் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான். பிரச்சினை என்னவென்றால், நீ அதை அப்படி ஓட்டவே இல்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

கம்பெனி நம் இருவரையும் இரண்டு வருடத்துக்கு அங்கே ஸ்விண்டன் நகரத்துக்கு அனுப்பியபோது குடும்பங்கள் நியூ ஜெர்சியிலேயே இருந்தன. வெள்ளிக்கிழமை மாலையானால் நீ லேப்டாப்பில் வரைபடத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுவாய். தார் போடாத பாதைகள்தான் உனக்கு வேண்டும். அந்த ஊரில் வயல்களுக்கு நடுவே போகும் பாதைகளில் சிலவற்றில் நடக்க மட்டுமே அனுமதி, சிலவற்றில் குதிரையும் சைக்கிளும் போகலாம். இந்த வித்தியாசத்தை உனக்கு எத்தனையோ முறை விளக்கினேன். உனக்கு எல்லாமே ஒரே கோடுதான். ஒருமுறை நடைபாதையில் புகுந்து ஒரு விவசாயியிடம் மாட்டிக்கொண்டபோது, "சாரி சார், மை ஃப்ரெண்ட் இஸ் நியூ ஹியர்" என்று கூசாமல் என்னைக் கைகாட்டினாய். அந்த மனிதர் எனக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்தினார். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய்.

வயல் கேட்டு விஷயமும் அப்படித்தான். ஆடுகள் வெளியேறாமல் இருக்க வயலுக்கு வயல் ஒரு கேட்டு இருக்கும். நீ திறந்துகொண்டு போய்விடுவாய். சாத்தித் தாழ் போடுவது என் வேலை. நான் நிமிர்வதற்குள் நீ அடுத்த மேட்டில் இருப்பாய். "ஏன்டா இவ்ளோ லேட்டு?"

உன் ஹேண்டில்பாரில் பாதையையும் வேகத்தையும் பதியும் ஒரு சின்னக் கணினி இருந்ததே, வேகம் குறைந்தால் தானாகவே பதிவை நிறுத்திக்கொள்ளும்படி அதை அமைத்து வைத்திருந்தாய். மர நிழலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் தின்ற நேரம், பங்க்சர் ஒட்டிய நேரம், மூச்சு வாங்க வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த நேரம், எதுவும் அதில் ஏறாது. "ஆவரேஜ் கெட்டுடும்டா." ஆபீஸிலும் நீ இதே ஆள்தான். பாதி வேலை முடங்கிக் கிடக்கும், க்ளையன்ட்டுக்குப் போகும் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்கும். "சிவப்பு காட்டுனா கேள்வி கேப்பாங்க" என்பாய். மீட்டிங்கில் அந்தக் கேள்விகளுக்கு முழித்துக்கொண்டு பதில் சொன்னவன் நான்.

அந்த ரூட்டை நாம் ஓட்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் மழை. மூன்றாவது கேட்டுக்குக் கீழே பாதை செங்குத்தாக இறங்கி வலப்பக்கம் திரும்பும். தண்ணீர் அறுத்து நடுவில் ஆழமாக ஒரு சால். ஈரமான சுண்ணாம்பு சோப்பு மாதிரி வழுக்கும், நடுநடுவே சிக்கிமுக்கிக் கற்கள் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வழக்கம்போல நீ முன்னால் போய்விட்டாய். நான் கேட்டைச் சாத்திவிட்டு மேலே நின்று கத்தினேன்: "டேய், எப்படி இருக்கு?" திருப்பத்துக்கு அந்தப் பக்கமிருந்து உன் குரல் வந்தது. "சூப்பரா இருக்கு மச்சான், வா!"

வந்தேன். திருப்பத்தில் முன்சக்கரம் சாலுக்குள் இறங்கியது மட்டும் நினைவிருக்கிறது. தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிப் பார்த்தால், கீழே நீ நிற்கிறாய். வண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு. உன் ஷூ இரண்டும் கணுக்கால்வரை வெள்ளை. சைக்கிளில் இறங்கியவனின் ஷூவா அது? முழுதும் நடந்து இறங்கியிருக்கிறாய். நடந்து இறங்கிவிட்டு என்னை வா என்று கூப்பிட்டிருக்கிறாய். ஓடி வந்து நீ கேட்ட முதல் கேள்வி: "முன் பிரேக்க புடிச்சியா?"

ஆஸ்பத்திரியில் என் வலது கையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். நீதான் லீவு போட்டுக் கூடவே இருந்தாய். எங்கிருந்தோ தயிர் வாங்கி வந்து, சாதம் பிசைந்து, ஸ்பூனால் ஊட்டினாய். அதை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் ஒரு வாய் ஊட்டிவிட்டு நர்ஸிடம் திரும்பி, "ஹி டச்ட் த ஃப்ரண்ட் பிரேக்" என்று சிரித்தாயே, அதையும் சேர்த்துத்தான் விழுங்கினேன். அதன் பிறகு நியூ ஜெர்சியில் எந்த வீட்டுப் பாட்லக் விருந்து என்றாலும், பொங்கல் விழா என்றாலும், தட்டோடு நிற்பவர்களைக் கூட்டி வைத்து, முன் பிரேக்கைப் பிடித்து நானே விழுந்தேன் என்ற அதே கதை. நான் விழுந்த மாதிரி நடித்து வேறு காட்டுவாய்.

உன்னிடம் தனியாகக் கேட்டேன், நினைவிருக்கிறதா? "கதையை என்ன வேணா சொல்லிக்கோ. அந்த ரூட்ல, இங்க எறங்கி நடக்கணும்னு ஒரே ஒரு வரி போடுடா." "போட்டா எவனும் போக மாட்டான்டா. மொத்த ரூட்டும் எவ்ளோ அழகு!" அழகுதான், நான் மறுக்கவில்லை. மாலை வெயிலில் அந்த வெள்ளைப் பாதை கோதுமை வயலுக்கு மேலே ஏறிப் போவதை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். அதற்காக?

நேற்று யாழினியும் உன் மனைவியும் பெட்டி கட்ட வந்திருந்தார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"யாழினி, மூணாவது கேட் தாண்டினதும் எறங்கி நடந்துடும்மா."

"அங்கிள், ஐ நோ! நீங்க விழுந்த ப்ளேஸ்தானே? அப்பா டோல்ட் மீ. டோன்ட் டச் த ஃப்ரண்ட் பிரேக்."

"பிரேக் இல்லம்மா. உங்கப்பாவே அங்க நடந்துதான் எறங்கினான்."

"நோ வே! லுக்." போனை என் மூக்கருகில் நீட்டினாள். கோடு எங்கும் அறுபடாமல் போகிறது. நின்றதற்கோ நடந்ததற்கோ ஓர் அடையாளம் இல்லை. "ஹி நெவர் ஸ்டாப்ட், அங்கிள்."

உன் மனைவி காப்பித் தம்ளரோடு சிரித்தாள். "இன்னுமா அண்ணா அந்த பிரேக் கதை? அவர் இருந்தா இப்ப ஆக்ட் பண்ணியே காட்டியிருப்பார்." சொன்னவள் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவனைப் பறிகொடுத்து இன்னும் மீளாதவளிடம் நான் வாதாடவா? யாழினி என்னைத் தட்டிக்கொடுத்தாள். "டோன்ட் வொர்ரி அங்கிள், ஐ வில் பி ஃபைன்." முறிந்த தோளில்தான் தட்டினாள்.

ஆகவே இதை எழுதுகிறேன். உனக்காக அவர்கள் திறந்திருக்கும் நினைவுப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். தமிழில் வருவதை அம்மாவை வாசிக்கச் சொல்லி யாழினி ஒன்றுவிடாமல் கேட்கிறாளாம். கேட்கட்டும். மூன்றாவது கேட்டைத் தாண்டியதும் இறங்கு, அம்மா. சாலுக்கு இடப்பக்கம் புல் ஓரமாக நட, வண்டியை உன் வலப்பக்கம் பிடி. திருப்பம் தாண்டி மண் கெட்டியான பிறகு ஏறிக்கொள். உன் அப்பா அப்படித்தான் இறங்கினான். அவனுக்கு அந்த அளவு அறிவு இருந்தது, அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இத்தனை வருடமும் என் பேரைச் சொல்லி இந்த உண்மையை நாலு பேர் முன்னால் வைக்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். ஆனால் என் பேரைப் பார்த்தால் அவர்கள் முதல் வரியிலேயே சிரித்து மூடிவிடுவார்கள், அப்படிப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறாய். மேலே பேர் இல்லாவிட்டால் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள், தொடங்கினால் அந்தச் சரிவு வரைக்குமாவது வருவார்கள். நடுவில் யார் எழுதியது என்று தெரிந்தால் தெரியட்டும். பெயருக்கான கட்டத்தில் எதுவும் போடவில்லை. அனுப்புகிறேன்.